ஓடும் பனுவலில் ஒரு தரிப்பிடம்



குமரகோட்டத்துக் கதையைக் காஞ்சியில் எவர்க்கும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்ற அமர்ந்த அன்று, காப்புச் செய்யுளின் முதற்சொல்லிலேயே அவையில் ஒருவர் தடை எழுப்பினார் என்பது மரபு. திகழ், தசம் என்னும் இரு சொற்களும் திகடசம் எனப் புணர்வதற்குத் தொல்காப்பியத்தில் விதி உண்டா என்பது அவருடைய வினா. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் ஏட்டில் காத்திருக்க, அரங்கேற்றம் ஒரே சொல்லில் நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தை விரித்து விதியைக் காட்டிய பின்னரே அது தொடர்ந்தது என்பர்.

இக்கதையில் அடியவர் முருகன் அருளைக் காண்பர். இலக்கணம் வல்லார் வீரசோழியத்தின் பெருமையைக் காண்பர். இன்றைய உரைக்கு வேண்டுவது அவ்விரண்டும் அல்ல; அரங்கேற்றம் நின்ற முறை. ஓடிவந்த ஒரு பனுவல் குறித்த ஒரு சொல்லில் நின்றது, நின்றபோது அதன் முன்னும் பின்னும் எதுவும் சிதையவில்லை, ஐயம் ஆராயப்பட்டது, பின்னர் நின்ற சொல்லிலிருந்தே, ஓர் எழுத்தும் குறையாமல், தொடர்ந்தது. கணிப்பொறி வல்லார் நாள்தோறும் செய்யும் பணிகளுள் இதற்கு நிகரானது ஒன்று உண்டு. பிழையுள்ள நிரலை ஓடவிட்டு, ஐயத்துக்குரிய இடம் வந்ததும் நிறுத்தி, அந்நிலையில் நினைவகத்தின் எந்தப் பெட்டியில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்து, மீண்டும் ஓடவிடுவது அது. நிறுத்தும் இடத்தை அவர்கள் பிரேக்பாயிண்ட் என்பர். நிறுத்திப் பார்க்க உதவும் மென்பொருளுக்கு டீபக்கர் என்று பெயர்.

பிரேக்பாயிண்ட் என்பதை முறிவுப்புள்ளி எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் உளர். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரிடம் முறிவு என்று சொன்னால் ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் எழுந்து வருவார். இங்கு எதுவும் உடைவதில்லை. உடையக் கூடாது என்பதே இக்கலையின் உயிர். ஈழத்தமிழர் பேருந்து நிற்கும் இடத்தைத் தரிப்பிடம் என்று வழங்குகின்றனர். நின்று, ஏற்றி இறக்கி, மீண்டும் புறப்படும் இடம். அச்சொல்லே இதற்குப் பொருந்தும். டீபக்கரைப் பிழைநீக்கி என்பதும் பொய்ப்பெயரே. அது எப்பிழையையும் நீக்குவதில்லை, நீக்குபவர் மனிதர், அது தேடுவதற்குத் துணைநிற்கிறது. ஆகவே பிழைதேடி என்னும் பெயரை இவ்வுரை கைக்கொள்கிறது.

கைத்தறியில் தரிப்பு எளிது. நெய்பவர் மிதியிலிருந்து காலை எடுத்தால் தறி நின்றுவிடும். உடலுக்கு ஒரு நிறப் பாவும் முந்திக்கு வேறு நிறப் பாவும் அமையும் சேலையில், பேட்னி போடும் இடம் வந்ததும் நெசவை நிறுத்தி, புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு சேர்த்துவிட்டுப் பின்னர் தொடர்வது காஞ்சித் தறிகளுக்கே உரிய நுட்பம். ஜக்கார்டு பெட்டி வந்த பின்னும் வேகத்தை ஆள்பவர் நெய்பவர்தான். 1804-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு அமைத்த அட்டைத் தொடரே, துளை இருந்தால் இழை எழும் இல்லையேல் எழாது என்னும் அதன் எளிய இலக்கணமே, பின்னாளில் பாபேஜின் கணக்கு எந்திரத் திட்டத்துக்கு முன்மாதிரியாயிற்று என்பது பல மேடைகளில் சொல்லப்பட்ட செய்தி. ஈண்டு விரிக்க வேண்டா. ஒற்றுமையைக் காட்டிலும் வேற்றுமையே இங்குக் கருதத்தக்கது. தறியில் ஓர் அட்டைக்கும் மறு அட்டைக்கும் இடையே ஒரு மனிதக் கால் இருக்கிறது. கணிப்பொறியில் அஃது இல்லை. வினாடிக்குப் பல கோடிக் கட்டளைகளைப் படித்துச் செல்லும் பொறியை, இன்ன கட்டளையில் நில் என்று கையுயர்த்தி நிறுத்த எவராலும் இயலாது. குமரகோட்டத்தில் தடை எழுப்பியவரைப் போலக் குறுக்கே பேசவும் வழியில்லை. இவ்வாசகர்க்குக் காது கிடையாது. அவர் அறிந்தது ஏடு ஒன்றே. ஆகவே நிற்கும்படி சொல்ல வேண்டுமாயின் அதனையும் ஏட்டிலேயே எழுதியாக வேண்டும்.

தரிப்பிடத்தை முதலில் கண்டவர் ஒரு பெண். 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகறிய இயக்கிக் காட்டப்பட்ட எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறிக்கு நிரல் அமைத்தோர் ஆறு பெண்கள். அப்பொறியின் முதல் அமைப்பில் ஏடு என ஒன்று இல்லை. ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குக் கம்பிவடங்களைச் செருகுவதே நிரல். வடம் ஒன்றை உருவிவிட்டால் கணக்கு அவ்விடத்தில் நின்றுவிடும். நின்ற நிலையில் எண்களைப் பார்க்கலாம். இம்முறையைக் கண்டவர் அவ்வறுவருள் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டன் என்பர். இணைப்பு முறிக்கப்பட்ட இடம் என்பதாலேயே அப்பெயர் வந்தது. எனியாக்கைப் பொறுத்தவரை முறிவு மெய்யாகவே முறிவுதான். அப்பெண்களின் பெயர்கள் பல ஆண்டுகள் வெளியில் தெரியாமலே இருந்தன. தார் சுற்றித் தரும் கைகளின் பெயரும் எந்தச் சேலையிலும் இருப்பதில்லை.

பின்வந்த கணிப்பொறிகளில் வடங்கள் மறைந்தன. நிரல் எண்களின் தொடராக நினைவகத்தில் அமர்ந்தது. யூனிக்ஸ் மரபினர் அவ்வெண்தொடர் அமரும் பகுதிக்கு வைத்த பெயர் தமிழாசிரியர்க்கு மகிழ்வூட்டுவது. அதனை அவர்கள் டெக்ஸ்ட் என்றனர், அதாவது பனுவல். லினக்ஸ் இயங்குதளத்தில் பிறிதொரு நிரலின் பனுவலைப் பார்க்க விரும்பும் பிழைதேடி, பிட்ரேஸ் என்னும் வாயிலின் வழியே இரு வேண்டுகோள்களை விடுக்கலாம். எட்டிப் பார்ப்பதற்கு உரியது பீக்டெக்ஸ்ட். ஓர் எண்ணை உள்ளே திணிப்பதற்கு உரியது போக்டெக்ஸ்ட். பனுவலை எட்டிப் பார்த்தல், பனுவலில் திணித்தல். ஏடு பார்த்துப் பதிப்பிப்போர் இவ்விரு செயல்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிவர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. இன்டெல் வழிவந்த 64-பிட் மையச் செயலகங்களில் நிரற்கூறு பலவற்றின் தொடக்கத்தில் வரும் நான்கு எண்கள் இவை: 85, 72, 137, 229. முதலில் நிற்கும் 85 ஒரு தனிக் கட்டளை. முன்னைய குறிப்பு ஒன்றை அடுக்கின்மேல் வை என்பது அதன் பொருள். ஏனைய மூன்றும் சேர்ந்து ஒரே கட்டளை. அடுக்கின் உச்சி முகவரியை மற்றொரு பெட்டியில் முழுமையாகப் படியெடு என்பது பொருள். இவ்விரண்டாம் கட்டளையில் நிரல் நிற்க வேண்டும் எனக் கொள்க. பிழைதேடி முதலில் அவ்விடத்தை எட்டிப் பார்க்கிறது. அங்கு 72 இருக்கிறது. இன்ன முகவரியில் இருந்தது 72 என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. எழுதிய பின்னரே அவ்விடத்தில் 204 என்னும் எண்ணை இடுகிறது. இப்போது ஏட்டில் இருப்பது 85, 204, 137, 229.

இந்த 204 எதையும் கூட்டாது, கழிக்காது, நகர்த்தாது. அதனைப் படித்த மாத்திரத்தில் செயலகம் தன் வேலையை நிறுத்தி இயங்குதளத்திடம் முறையிடுகிறது. இயங்குதளம் அந்நிரலை உறங்கவைத்து, வெளியே காத்திருக்கும் பிழைதேடியை எழுப்புகிறது. 1978-இல் வெளிவந்த 8086 செயலகத்திலேயே இக்கட்டளை உண்டு. அதன் சிறப்பு அதன் குறுமை. இவ்வினத்தைச் சேர்ந்த பிற அழைப்புக் கட்டளைகள் இரண்டு எண் நீளம். 205 என்று தொடங்கி மற்றோர் எண்ணால் முடிவன. இஃது ஒன்று மட்டும் ஓரெண் நீளமாக அமைந்தது. காரணம் உண்டு. மேற்காட்டிய பனுவலில் முதற்கட்டளையாகிய 85 ஓரெண் கட்டளை. அவ்விடத்தில் இரண்டெண் நீளமுள்ள தடையை இட்டால் அஃது அடுத்த கட்டளையின் தலையையும் விழுங்கிவிடும். வேறு வழியாகத் தாவி வந்து நேரே இரண்டாம் கட்டளையில் நுழையும் ஓட்டம் ஒன்று இருக்குமாயின், அது தடையின் வாலில் வந்து விழும். ஒற்றெழுத்து நிற்கும் இடத்தில் ஒரு சீரைப் புகுத்த முடியுமா? மிகச் சிறிய சொல் எதுவோ அதன் அளவே தடையின் அளவாகவும் இருத்தல் வேண்டும்.

எல்லாச் செயலகங்களும் இப்படி அமைந்தவை அல்ல. இன்டெல் வழியில் கட்டளை ஓரெண்ணாகவும் வரும், பதினைந்து எண்வரை நீண்டும் வரும்; இணைக்குறளாசிரியப்பாவின் அடிகளைப் போல. கைப்பேசிகளில் பெரிதும் இடம்பெற்றுள்ள ஏஆர்எம் வழியில், அதன் 64-பிட் வகையில், ஒவ்வொரு கட்டளையும் நான்கு எண், நாற்சீர் அளவடி. ஆங்குத் தடையும் நான்கெண் நீளமே. விழுங்கும் அச்சம் அங்கு இல்லை.

இனி, நின்ற பின்னர் நிகழ்வது. செயலகம் தான் அடுத்துப் படிக்கவேண்டிய இடத்தை ஒரு பெட்டியில் குறித்துக்கொண்டே செல்லும். அதனை இடஞ்சுட்டி எனலாம். 204-ஐப் படித்து முடித்துவிட்டமையால் இடஞ்சுட்டி இப்போது அதற்கு அடுத்த எண்ணாகிய 137-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். பிழைதேடி 72-ஐ மீண்டும் பழைய இடத்தில் வைப்பது மட்டும் போதாது. இடஞ்சுட்டியையும் ஓரடி பின்னே நகர்த்தியாக வேண்டும். பின்னே நகர்த்த மறந்தால் நேர்வதுதான் வியப்பு. செயலகம் 137-இலிருந்து படிக்கத் தொடங்கும். 137, 229 என்னும் இரண்டும் தனியே நின்றாலும் ஒரு முழுக் கட்டளையாகும்! ஏறத்தாழ அதே பொருள் தரும் கட்டளை. ஆனால் முகவரியின் கீழ்ப்பாதியை மட்டும் படியெடுத்து மேற்பாதியைச் சுழியாக்கிவிடும். பொறி அவ்விடத்தில் முறையிடாது. பனுவல் செம்மையாகவே பொருள் தருவதாக எண்ணிச் சென்று, வெகுதூரம் கடந்த பின்னர் அரைகுறை முகவரியை நம்பி வேறெங்கோ இடறிவிழும்.

கவிஞர்க்கு இது புதிதன்று. பிரிக்கும் இடம் ஓரெழுத்துத் தள்ளினால் பொருள் வேறாதல் பிரிமொழிச் சிலேடையின் அடிப்படை. கச்சியப்பர் அவையில் தடைக்குள்ளான அத்தொடரே இதற்குச் சான்று. அதனைத் திகட என்று நிறுத்தினால் எஞ்சுவது சக்கரம். திகடசம் என்று பிரித்தால் எஞ்சுவது கரம். விளங்குகின்ற பத்துக் கைகள் என்னும் பொருள் அப்போதுதான் கிட்டும். சக்கரமும் நல்ல தமிழ்ச்சொல்தான். செய்யுளில் பிழையென்று தோன்றாது. காப்புச் செய்யுளைச் சக்கரம் என்று பொருள்கொண்டு ஓதுவோர் இன்றும் உளர். பிழை என்று முகத்தில் எழுதி வரும் பிழை அன்று, பொருள் தந்துகொண்டே கடந்துபோகும் பிழையே கொடிது.

தரித்தாயிற்று, பார்த்தாயிற்று. மீண்டும் புறப்படுவதில் ஓர் இடர் உண்டு. 204-ஐ அப்படியே விட்டு ஓடச்சொன்னால் நிரல் ஓரடியும் நகராது. அதே தடையில் மீளமீள நிற்கும். 72-ஐ வைத்துவிட்டு ஓடச்சொன்னால் இம்முறை கடந்துவிடும்; ஆனால் அடுத்த சுற்றில் அவ்விடம் வரும்போது தடை இராது. ஆயிரம் முறை சுழலும் நிரலில் பிழை தொள்ளாயிரத்துச் சொச்சமாவது சுற்றில் இருக்கலாமே. இதற்குக் கண்ட வழி நயமானது. மூல எண்ணை மீண்டும் வைத்துவிட்டு, ஒரே ஒரு கட்டளையை மட்டும் செய்துவிட்டு நில் என்று பணிக்கும் வசதி செயலகத்தில் உண்டு. அவ்வாறு ஒரு சொல்லை மட்டும் ஓதவிட்டு, மறுகணமே 204-ஐத் திரும்ப இட்டு, அதன்பின்னரே கடிவாளத்தைத் தளர்த்துவர். பார்ப்பவர்க்கு நிரல் நின்ற இடத்திலிருந்து இயல்பாக எழுந்து சென்றதாகவே தோன்றும்.

இத்தனையும் நிகழும்போது பிழைதேடி நிரலாசிரியரிடம் ஒரு சிறு மறைப்பையும் செய்கிறது. பனுவலைக் காட்டு என்று அவர் கேட்டால், ஏட்டில் 204 இருந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்து 72 என்றே காட்டும். தன் கைவேலையை மூலத்தோடு கலந்து காட்டாது. மற்றுமோர் ஒழுங்கும் உண்டு. ஒரே நிரலைப் பலர் ஒரே கணிப்பொறியில் ஓட்டும்போது நினைவகத்தில் பனுவலின் படி ஒன்றே இருக்கும்; பிழைதேடி திணிக்க முற்பட்டவுடன் இயங்குதளம் அப்பக்கத்துக்கு மட்டும் ஒரு தனிப்படி எடுத்து அதில் எழுதவிடும். ஏனையோர் படிக்கும் பொதுப்படியில் கைபடாது.

எழுதிவைத்துவிட்டு மாற்று என்னும் வரிசை இங்கு உயிர்நிலை. இவ்வரிசை தவறும் ஒரு வகையைப் பிழைதேடி எழுதப் பயிலும் மாணவர் பலர் ஒருமுறையேனும் அனுபவித்திருப்பர். ஒரே இடத்தில் இரண்டாம் முறையும் தரிப்பிடம் வைக்கப்படுகிறது. நிரல் முறைப்படி எட்டிப் பார்க்கிறது. இப்போது அங்கு இருப்பது 204. அதனையே மூலம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. பின்னர் இரண்டு தரிப்பிடங்களையும் வைத்த வரிசையிலேயே எடுக்கும்போது, முதற்குறிப்பின்படி 72 திரும்புகிறது. இரண்டாம் குறிப்பின்படி அதன்மேல் 204 அமர்கிறது. தடையே மூலமாகிவிட்டது. இனி 72 எங்கும் இல்லை.

பதிப்புலகில் இதற்கு நேரான நிகழ்ச்சி எது என்று இவ்வவையில் எவரும் கேட்கமாட்டார். முன்னைப் பதிப்பாசிரியர் ஐயுற்று மாற்றிய சொல்லை, ஏடு பாராமல் மூலமெனக் கொண்டு, அதன்மேல் தம் திருத்தத்தை ஏற்றிய பதிப்புகள் தமிழில் சிலவல்ல. திருத்தியது குற்றம் அன்று. சிதைந்த ஏட்டைத் திருத்தாமல் படிக்க இயலாது. திருத்துவதற்கு முன் அங்கு இருந்தது யாது என்பதை எழுதிவைக்காமையே குற்றம். உ.வே.சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் பிரதிபேதங்களைக் காட்டியிருக்கும் முறை இதற்கு மாற்றுமருந்து. அவர் கொண்ட பாடத்தை ஏற்காதவரும் அவர் தள்ளிய பாடத்தை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். காஞ்சிக்கு உரியவராக மரபு கூறும் பரிமேலழகரும் தமக்கு உடன்பாடில்லாத பாடங்களைப் பிறர் ஓதுவதாகக் குறித்தே மறுக்கிறார், மறைத்து மறுப்பதில்லை. கந்தபுராணத்தில் மட்டும் இக்கேள்விக்கு இடமில்லை. நாள்தோறும் எழுதிய ஏடுகளைச் சந்நிதியில் வைத்துவிட்டு வந்தால் காலையில் அவை திருத்தப்பட்டிருக்கும் என்பது கதை. திருத்தியவர் முருகன், ஆகவே பழைய பாடம் யாதென்று எவரும் கேட்கவில்லை.

எழுத இயலாத பனுவலில் என்செய்வது? சில கருவிகளில் நிரல் மாற்றமுடியாத நினைவகத்தில் பதிந்திருக்கும். ஏட்டில் இடையே எழுதலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் எழுத முடியாது. அங்கு வேறு வழி. இன்ன முகவரிக்கு இடஞ்சுட்டி வந்தால் கூவு என்று செயலகத்தின் உள்ளேயே காவல் வைக்கலாம். பனுவல் தீண்டப்படாது. ஆனால் இன்டெல் வழியில் அத்தகைய காவலர் நால்வர் மட்டுமே. 204-க்கோ எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆயிரம் இடங்களிலும் இடலாம். அதனால்தான் இவ்வளவு தொல்லைகளுக்கும் பிறகும் அதுவே பெருவழக்காக இருக்கிறது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் எழுதிய ஜிடிபி என்னும் புகழ்பெற்ற பிழைதேடி இயல்பாகக் கைக்கொள்வதும் இம்முறையே.

இக்கலையில் இந்தியர் பங்கும் குறிக்கத்தக்கது. காஞ்சியின் புறத்தே செல்லும் நெடுஞ்சாலை சென்று சேரும் பெங்களூரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர்கள் லினக்ஸின் உட்கருவுக்குள்ளேயே தரிப்பிடம் வைக்கும் கேபுரோப்ஸ் என்னும் அமைப்பை உருவாக்கினர். வம்சி கிருஷ்ணா 2002-இல் அதன் முதல் வடிவத்தை எழுதினார். பிரசன்னா பஞ்சமுகி, ஆனந்த் மாவினகாயனஹள்ளி முதலியோர் வளர்த்தனர். 2004-இல் அது லினக்ஸின் 2.6.9 பதிப்பில் இடம்பெற்றது.

உட்கரு என்பது எல்லா நிரல்களையும் சுமந்து நிற்கும் அடித்தளம். தனி நிரலை நிறுத்தி மணிக்கணக்கில் ஆராயலாம். உட்கருவை நிறுத்தினால் பொறி முழுவதும் நின்றுவிடும். ஆகவே கேபுரோப்ஸ் தங்குவதில்லை. தடையில் கணநேரம் நின்று, வேண்டிய குறிப்பை எடுத்துக்கொண்டு உடனே செல்லும். அன்றியும், உட்கருவின் பனுவலை ஒரே நேரத்தில் பல செயலகங்கள் படித்துக்கொண்டிருக்கும். முன்சொன்னபடி 72-ஐ ஒருகணம் திரும்ப வைத்தால், அக்கணத்தில் மற்றொரு செயலகம் தடையின்றி அவ்விடத்தைக் கடந்துவிடும். எனவே மூலக் கட்டளையைத் தடையுள்ள இடத்துக்குத் திருப்புவதே இல்லை. அதன் முழுப்படியை வேறோர் இடத்தில் முன்னமே வைத்து, அங்கே அதனை நிகழ்த்திவிட்டுப் பழைய ஓட்டத்துக்குத் திரும்புவர்.

திருப்பணிக் காலத்துப் பாலாலயத்தைக் கண்டோர்க்கு இது விளங்கும். கருவறையின் ஆற்றலைக் கலசத்துக்கோ அத்திப்பலகைக்கோ மாற்றி வேறிடத்தில் அமைப்பர். கருவறையில் வேலை நடக்கும். வழிபாடு பாலாலயத்தில் தடையின்றி நிகழும். ஆனால் இடம் மாறிய கட்டளைக்கு ஒரு சிக்கல் உண்டு. தனக்கு முந்நூறு அடி அப்பால் உள்ளதை எடு என்று தன் இருப்பிடத்தை அளவாகக் கொண்டு பேசும் கட்டளைகள் உள. படியெடுத்து வேறிடத்தில் வைத்தால் அந்த அப்பால் எங்கோ போய் நிற்கும். மேற்சொன்ன என்று தொடங்கும் வாக்கியத்தைப் பெயர்த்து வேறு நூலின் நடுவே வைத்ததுபோல. அத்தகைய சுட்டுகளைக் கேபுரோப்ஸ் புதிய இடத்துக்கேற்பக் கணக்கிட்டுத் திருத்திவைக்கிறது.

தரிப்பிடம் வைக்கக்கூடாத இடங்களும் உட்கருவில் உண்டு. அவற்றுக்குத் தனிப்பட்டியலே இருக்கிறது. தடையைக் கண்டதும் என்செய்வது என்று விதிக்கும் பகுதியிலேயே தடை வைத்தால், அத்தடையைக் கையாள மீண்டும் அப்பகுதிக்கே செல்லவேண்டும். ஆங்கு மீண்டும் தடை. இலக்கண நூலின் புணர்ச்சி விதியிலேயே புணர்ச்சி ஐயம் எழுந்தால் எந்தப் புலவர் எந்த நாட்டிலிருந்து வந்தும் பயனில்லை.

எஞ்சியிருப்பது விடைபெறும் முறை. ஆராய்ச்சி முடிந்து பிழைதேடி விலகும்போது, குறிப்பேட்டின்படி ஒவ்வொரு 204-ஐயும் எடுத்து மூல எண்ணை உரிய இடத்தில் வைத்துவிட்டே விலகவேண்டும். ஜிடிபி இதில் மிகுந்த எச்சரிக்கை உடையது. நிரல் நிற்கும்போதெல்லாம் தான் இட்ட தடைகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, மீண்டும் ஓடவிடும் தருணத்திலேயே திரும்ப இடுவது அதன் இயல்பான ஒழுகலாறு. ஆராய்ந்துகொண்டிருக்கும்போது தான் திடீரென மாய்ந்தாலும் பனுவல் தூயதாக இருக்கவேண்டும் என்பது கருத்து.

அவ்வாறன்றி ஒரு தடையை மறந்து விட்டுச் சென்றால், நிரல் அதன்பின்னும் ஓடும். ஒருநாள், ஒருமாதம்கூட ஓடலாம். என்றோ ஒருநாள் அவ்விடத்துக்கு வரும். 204-ஐப் படிக்கும். செயலகம் நிறுத்தி முறையிடும். இயங்குதளம் வெளியே காத்திருப்பவரைத் தேடும். அங்கு எவரும் இரார். குறிப்பேடும் பிழைதேடியோடு போயிற்று. அவ்விடத்தில் இருந்தது 72 என்று சொல்ல ஆளில்லாமையால், இயங்குதளம் அந்நிரலை அங்கேயே முடித்துவிடும்.